கதவைத் திற, கிட்!

போன இதழில் வடாம் பிழிவது பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? "அரிசி வடாத்துக்குப் பச்சை மிளகாய் எத்தனை என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்களே" என்று மூன்று சகோதரிகள் கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஆழாக்கு அரிசிக்கு நாலு மிளகாய். காரம் ஆகாதவர்கள் மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆயிற்றா?

இந்தத் தடவை சமையல் கட்டை விட்டுவிட்டு, சினிமாவில் வரும் வண்டிகளைப் பற்றி எழுதப் போகிறேன். "உனக்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம்? சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதே" என்று என் வீட்டுக்காரரே சிரித்தார். சிரிக்கட்டும். இதிலும் வடாம் வரத்தான் போகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

பள்ளிக்கூடம் லீவு விட்டதிலிருந்து என் சின்னவனுக்குக் கார் பைத்தியம். எட்டு வயசு. பழைய நோட்டுகளில் மீந்த தாள்களைக் கிழித்து, நடுவில் ஊசி நூலால் தைத்து, 'சினிமா வண்டி புத்தகம்' என்று அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டான். வீட்டில் ஒவ்வொருவரிடமும் போய், "உங்களுக்குப் பிடிச்ச சினிமா வண்டி எது?" என்று கேட்டு, ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, படமும் வரைவான். என்னிடம் வந்தபோது நான் குழம்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கடுகு வெடிக்கிற நேரத்தில் காராவது, வண்டியாவது! "போடா அந்தப் பக்கம், எண்ணெய் தெறிக்கும்" என்றேன். அவன் சுவரில் நோட்டை வைத்து ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டான். அப்புறம் பார்த்தால், 'அம்மாவுக்கு ஒண்ணும் இல்லை' என்று எழுதியிருந்தது.

சுருக்கென்றது. எனக்கு ஒன்றும் இல்லையா? எனக்கும் சினிமா பார்க்கத் தெரியும். மற்றவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன்.

முதல் பக்கம் என் மாமியாருக்கு. ஒரு பஸ் படம். 'மெட்ராஸ் டு பாண்டிச்சேரி' பஸ்ஸாம். 1966-ல் வந்த படம். ரவிச்சந்திரன், கல்பனா, நாகேஷ். வீட்டை விட்டு ஓடி வரும் ஒரு பெண் பஸ்ஸில் ஏற, அவளைத் துரத்துகிறவர்கள் ஒரு பக்கம், காப்பாற்றுகிறவன் ஒரு பக்கம் என்று பெரும்பாலும் அந்தப் பஸ்ஸுக்குள்ளேயே கதை ஓடும். இதையே 1972-ல் இந்தியில் 'பம்பாய் டு கோவா' என்று எடுத்தார்கள். அமிதாப் பச்சன் பெரிய நட்சத்திரம் ஆவதற்கு முன்னால் நடித்தது.

"பஸ்ஸை ஏன் அத்தை பிடிக்கும்?" என்று கேட்டேன். "அதுல ஏறினா எல்லாரும் ஒரே வீட்டு மனுஷங்க மாதிரி ஆயிடுறாங்க பாரு. காருன்னா கதவைச் சாத்திக்கிட்டுப் போயிடுவாங்க" என்றார். பாருங்கள், எழுபத்தாறு வயசில் எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறார்! நானும் அந்தக் காலத்து ஆளாக இருந்தால் பஸ்ஸைத்தான் சொல்லியிருப்பேனோ என்னவோ.

அடுத்த பக்கம் எங்கள் வீட்டுக்காரருடையது. அவர் சொன்ன கார் பெயர் 'கிட்'. கேபிள் டெலிவிஷன் வந்த புதிதில் பள்ளிக்கூடத்தில் படித்த தம்பி, தங்கைகளுக்கு இது ஞாபகம் இருக்கும். 'நைட் ரைடர்' என்று அமெரிக்காவில் 1982 முதல் 1986 வரை வந்த தொடர். கறுப்பு நிற போண்டியாக் கார். மூக்கில் ஒரு சிவப்பு விளக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் கார் பேசும். கூப்பிட்டால் தானே வரும், தானே கதவைத் திறக்கும், கதாநாயகன் மாட்டிக்கொண்டால் சுவரை உடைத்துக்கொண்டு வந்து காப்பாற்றும். காருக்குக் குரல் கொடுத்தவர் வில்லியம் டேனியல்ஸ் என்ற நல்ல நடிகர். தன் பெயரைத் திரையில் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டாராம், கார் நிஜமாகவே பேசுகிறது என்று பார்க்கிறவர்கள் நம்பட்டும் என்று!

எதிர் வீட்டில் போய் உட்கார்ந்து, அவர்கள் வீட்டுப் பையனுக்கு வீட்டுப் பாடம் எழுதிக் கொடுத்துவிட்டு, அதற்குக் கூலியாக 'கிட்'டைப் பார்த்தவர் எங்கள் வீட்டுக்காரர். இந்த லீவில் பையனையும் மடியில் உட்கார வைத்துக்கொண்டு போனில் பழைய துண்டுக் காட்சிகளாகப் போட்டுக் காட்டினார். "பார்த்தியாடா, சொன்னா கேக்கும் கார்!" என்று அவர் சொல்ல, அவன் வாயைப் பிளந்துகொண்டு பார்க்க... அப்போது நானும் இட்லி மாவைக் கரைத்தபடி ரசித்துக்கொண்டுதான் இருந்தேன். யாரைக் குற்றம் சொல்வது?

மூன்றாவது பக்கம் பெரியவளுக்கு. காலேஜில் இரண்டாம் வருஷம், காட்சித் தொடர்பியல் படிக்கிறாள். நாம் சினிமா பார்த்தால் பொழுதுபோக்கு, இவள் பார்த்தால் படிப்பு! அவள் சொன்ன வண்டியின் பெயர் ஜகத்தல். "அப்படி ஒரு காரா? எந்தக் கம்பெனி?" என்று கேட்டேன். "செவர்லேம்மா. பேரு அந்த டிரைவர் வெச்சது" என்று சொல்லி, அன்று இரவே லேப்டாப்பில் அந்தப் படத்தைப் போட்டாள்.

சகோதரிகளே, அதைப் பற்றி மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்லியாக வேண்டும். 'அஜாந்திரிக்' என்ற வங்காளிப் படம். 1958-ல் ரித்விக் கட்டக் எடுத்தது. சுபோத் கோஷ் எழுதிய கதை. ராஞ்சிப் பக்கத்தில் பிமல் என்று ஒரு டாக்ஸி டிரைவர். பெண்டாட்டி பிள்ளை இல்லை, சொந்தபந்தம் இல்லை. அவனுக்கு இருப்பதெல்லாம் 1920-ஆம் வருஷத்து ஓட்டை செவர்லே ஒன்றுதான். கூரை கிழிந்து தொங்குகிறது. ஊரே கேலி செய்கிறது. அவனோ அதோடு பேசுகிறான், கோபித்துக்கொள்கிறான், சமாதானம் சொல்கிறான். ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினால் தாகமெடுத்த மாடு குடிக்கிற மாதிரி மடக் மடக் என்று ஒரு சத்தம் வருகிறது. நான் முதலில் சிரித்தேன். பிறகு பார்த்தால், நாமும் பழைய கிரைண்டரைத் தட்டிக் கொடுத்து, "இன்னிக்கு ஒரு நாள் ஓடிடு தாயே" என்று சொல்கிறவர்கள்தானே!

கையில் இருந்த பணத்தை எல்லாம் போட்டு அதைச் சீர் செய்கிறான். அப்படியும் ஒரு நாள் வண்டி படுத்துவிடுகிறது. ஆத்திரத்தில் என்னென்னவோ செய்து பார்க்கிறான். கடைசியில் பழைய இரும்புக்கு எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். துண்டு துண்டாக அது போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அப்போது பாம் பாம் என்று சத்தம் கேட்கிறது. திரும்பிப் பார்த்தால், ஒரு கைக்குழந்தை கழன்று கிடந்த ஹாரனை அமுக்கி விளையாடிக்கொண்டிருக்கிறது. அவன் முகத்தில் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வருகிறது பாருங்கள்... முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மாமியார் விளக்கை அணைக்கச் சொல்லிச் சத்தம் போட்டதுகூடக் காதில் விழவில்லை.

அதே 1958-ல் இந்தியில் 'சல்தி கா நாம் காடி' என்று இன்னொரு பழைய மோட்டார் படம். அசோக் குமார், அனூப் குமார், கிஷோர் குமார் என்று மூன்று நிஜ அண்ணன் தம்பிகளும் படத்திலும் அண்ணன் தம்பிகள். மழை இரவில் கார் ரிப்பேராகி மதுபாலா நனைந்துகொண்டு வருவார். அது வயிறு குலுங்கச் சிரிக்க. ஒரே வருஷத்தில் ஒரு ஓட்டைக் காரை வைத்து ஒருவர் அழ வைத்தார்கள், ஒருவர் சிரிக்க வைத்தார்கள்!

இப்படிப் பேச்சு வளர்ந்ததில், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் ஒரு வண்டிக் கதை என்று வழக்கமாகிவிட்டது. பெரியவள் சொல்வாள், சின்னவன் வரைவான். 'ஹெர்பி' என்று ஒரு வெள்ளை வோக்ஸ்வேகன் குட்டிக் கார், 53 என்று நம்பர் போட்டது, 1968-ல் டிஸ்னி எடுத்த படத்தில் வருவது. எந்தக் காரை நடிக்க வைக்கலாம் என்று ஸ்டூடியோ வாசலில் பல கார்களை வரிசையாக நிறுத்தி வைத்தார்களாம். போகிறவர் வருகிறவர் மற்றக் கார்களின் டயரை உதைத்துப் பார்த்தார்கள், ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பார்த்தார்கள். இந்தக் குட்டிக் காரை மட்டும் எல்லாரும் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார்களாம். உடனே, இதுதான் என்று முடிவு செய்தார்களாம். பெண் பார்க்கிற மாதிரி இருக்கிறது, இல்லையா?

ஜேம்ஸ் பாண்ட் கதைகள் எழுதிய இயான் பிளெமிங்தான் 'சிட்டி சிட்டி பேங் பேங்' என்ற பறக்கும் கார் கதையையும் எழுதினார் என்பது எனக்குப் புதுச் செய்தி. மாரடைப்பு வந்து ஓய்வில் இருந்தபோது தன் மகனுக்காக எழுதினாராம். 1964-ல் அவர் காலமானார். அதே வருஷம்தான் புத்தகம் வெளியாயிற்று. 1968-ல் படமாக வந்தது. பெரியவர்களுக்கு ஆளைத் தூக்கி எறியும் ஸீட் வைத்த கார், குழந்தைக்கு இறக்கை வைத்த கார்!

'பேட்மேன்' காரின் கதை என் வீட்டுக்காரருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. 1955-ல் கண்காட்சிக்காகச் செய்த ஒரு லிங்கன் கார், பிறகு கவனிப்பாரில்லாமல் கிடந்தது. ஜார்ஜ் பாரிஸ் என்ற கார் அலங்காரக்காரர் பேருக்கு ஒரு டாலர் கொடுத்து அதை வாங்கிப் போட்டிருந்தார். 1966-ல் டெலிவிஷன் தொடருக்கு அவசரமாகக் கார் வேண்டும் என்றதும், மூன்றே வாரத்தில் அதையே வெட்டி ஒட்டி வௌவால் காராக்கிவிட்டார். 2013-ல் அதை ஏலம் விட்டபோது 40 லட்சம் டாலருக்கும் மேலே போயிற்று. "இதுக்குத்தான் பரண்ல கிடக்கிறதை எடைக்குப் போடாதேன்னு சொல்றேன்" என்றார் அவர். எங்கள் பரணில் கிடப்பது அவருடைய உடைந்த பிரம்பு நாற்காலி. அதில் எந்த வௌவாலும் உட்காராது!

'பேக் டு தி பியூச்சர்' படத்துக் காரைப் பார்த்ததும் நானே ஆசைப்பட்டுவிட்டேன். டிலோரியன் என்று பெயர். கதவு பறவை இறக்கை மாதிரி மேலே தூக்கிக்கொள்ளும். பெயின்ட் கிடையாது, உடம்பு முழுக்க எவர்சில்வர்! நம்ம வீட்டுக் குடம், தூக்கு மாதிரி. கை வைத்தால் ரேகை பதியுமாம். யார் துடைப்பது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. வட அயர்லாந்தில் பெல்பாஸ்ட் பக்கத்தில், வேலை இல்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய இடத்தில், 1981-ல் செய்யத் தொடங்கினார்கள். சுமார் 9,000 கார்கள் செய்வதற்குள் 1982-லேயே கம்பெனி திவாலாகிவிட்டது. படம் வந்ததோ 1985-ல். மூடிப்போன கம்பெனியின் கார், மணிக்கு 88 மைல் வேகம் பிடித்தால் காலத்தைத் தாண்டிப் போகிற காராகத் திரையில் ஓடுகிறது.

"முதல்ல கதை எழுதினப்போ இது காரே இல்லைம்மா. பிரிட்ஜ்!" என்றாள் பெரியவள். நிஜமாம். காலத்தைத் தாண்டும் யந்திரமாக முதலில் ஒரு குளிர்சாதனப் பெட்டியைத்தான் யோசித்து வைத்திருந்தார்கள். படத்தைப் பார்த்துவிட்டுக் குழந்தைகள் வீட்டுப் பிரிட்ஜுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டால் என்ன ஆவது என்று பயந்து, அதை விட்டுவிட்டுக் காருக்கு மாற்றினார்களாம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். "இதுக்கெல்லாமா பயப்படுவாங்க? சினிமா பார்த்துட்டு எந்தப் பிள்ளை பிரிட்ஜுக்குள்ள போகும்?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டது நான்தான் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

அதற்கு மூன்றாவது நாள். ஏப்ரல் கடைசி. எங்கள் திருச்சி வெயில் உங்களுக்குத் தெரியும். காலை பதினொன்றரை மணி. நான் மொட்டை மாடியில் வேட்டி விரித்து வடாத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். கீழே தெருவில் சின்னவனும் இரண்டு பிள்ளைகளும் கண்ணாமூச்சி விளையாடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு அந்தப் பிள்ளைகளை அவர்கள் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டார்கள் போல. சத்தம் நின்றது. சத்தம் நின்றதை நான் கவனித்தேன். 'அப்பாடா, உள்ளே வந்துட்டான்' என்றுதான் நினைத்தேன்.

எதிர் வீட்டு சார் கடையிலிருந்து அரிசி மூட்டை கொண்டுவந்து இறக்கிவிட்டு, காரை அப்படியே வெயிலில் நிறுத்தியிருந்தார். சாவியை எடுத்துக்கொண்டு போனவர், கதவைப் பூட்ட மறந்துவிட்டார். ஒளிந்துகொள்ள இடம் தேடிய என் பிள்ளை பின் கதவைத் திறந்து உள்ளே போய் படுத்துக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டான். அவருடைய பேரன் அடிக்கடி வருவான் என்பதால் பின் கதவுகளில் குழந்தைப் பூட்டு போட்டிருந்தது. அதாவது, வெளியிலிருந்து திறக்கலாம், உள்ளேயிருந்து எவ்வளவு இழுத்தாலும் திறக்காது. கண்ணாடியை இறக்கவும் வழியில்லை.

தெரு முனை வேப்ப மரத்தடியில் இஸ்திரி போடுகிற அண்ணன் பெட்டிக்குக் கரி போட நிமிர்ந்தவர், காரின் கண்ணாடியில் சின்னக் கை ஒன்று மெதுவாகத் தட்டுவதைப் பார்த்திருக்கிறார். முதலில் சாரின் பேரன் விளையாடுகிறான் என்று நினைத்தாராம். அப்புறம் அந்தக் கை கீழே நழுவியது. போட்டது போட்டபடி ஓடியிருக்கிறார். "அம்மா! உங்க பையன்!" என்று அவர் போட்ட சத்தத்தில் நான் வடாத்தின் மேலேயே மிதித்துக்கொண்டு ஓடினேன். எத்தனை படி இறங்கினேன் என்று தெரியாது.

முகம் தக்காளிப் பழமாய்ச் சிவந்து, சட்டை முழுக்க நனைந்து, தலைமுடி நெற்றியில் ஒட்டிக்கிடந்தது. என்னைப் பார்த்ததும் அழவில்லை. திக்கித் திக்கி, "நான் சொன்னேம்மா... கிட், கதவைத் திற, கிட் கதவைத் திறன்னு எத்தனையோ தடவை சொன்னேன். அது கேக்கலை" என்றான்.

உள்ளே இருந்தது கால் மணி நேரம்தான் இருக்கும். அந்தக் கால் மணியை நினைத்தால் இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

திண்ணை நிழலில் படுக்க வைத்துச் சட்டையைக் கழற்றினோம். மாமியார் ஈரத் துண்டை நனைத்து நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் போட்டு விசிறினார். நினைவு நன்றாக இருந்ததால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர், பிறகு உப்புப் போட்ட மோர் கொடுத்தோம். (மயக்கமாக இருக்கிற பிள்ளைக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள். புரையேறிவிடும். உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே 108-க்குப் போன் செய்யுங்கள்.) டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். பார்த்துவிட்டு, பயமில்லை என்றார். பிறகு என்னை உட்கார வைத்துச் சில விஷயங்கள் சொன்னார். அவை உங்களுக்கும் தெரிய வேண்டும்.

மூடிய கார் வெயிலில் நின்றால், பத்தே நிமிஷத்தில் உள்ளே சூடு 10 டிகிரி செல்சியஸ் போல ஏறிவிடுமாம். வெளியே 38 என்றால் உள்ளே 48! அரை மணிக்குள் 50-ஐத் தாண்டிப் போய்விடும். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைத்தால் போதும் என்று நாம் நினைக்கிறோமே, அதனால் பெரிய பயன் இல்லை. குழந்தை உடம்பு பெரியவர்கள் உடம்பைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். 'கடைக்குள்ளே போய் ரெண்டே நிமிஷத்துல வந்துடறேன், தூங்கட்டும்' என்று பிள்ளையைக் காரில் விட்டுவிட்டுப் போகிற வழக்கம் வேண்டவே வேண்டாம்.

அன்று ராத்திரி வீட்டில் யாரும் பேசவில்லை. நான் பேசினேன். "கார் சொன்னா கேக்கும்னு நீங்கதானே சொன்னீங்க!" என்று அவரிடம் கத்தினேன். அவர் பதில் சொல்லாமல் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். கத்தியிருக்கக் கூடாது. மாடியில் சத்தம் நின்றதைக் கேட்டும் இறங்கி வராதவள் நான்தானே. எதிர் வீட்டு சாரும் வந்து, "என் தப்பும்மா" என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போனார்.

பெரியவள்தான் என் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பிரிட்ஜ் விஷயத்தை மறுபடி எடுத்தாள். அமெரிக்காவில் அந்தக் காலத்துப் பிரிட்ஜ் கதவுகளில் வெளிப்பக்கம் கொக்கி மாதிரி ஒரு பூட்டு இருக்குமாம். உள்ளே ஒளிந்துகொண்ட பிள்ளைகளால் திறக்க முடியாது, மூச்சுத் திணறி எத்தனையோ குழந்தைகள் போயிருக்கிறார்கள். அதனால் 1956-ல் சட்டமே போட்டார்கள், பிரிட்ஜ் கதவு உள்ளேயிருந்து தள்ளினாலும் திறக்க வேண்டும் என்று. 1958 கடைசியிலிருந்து அப்படித்தான் செய்து விற்க வேண்டும். நம் வீட்டுப் பிரிட்ஜில் இப்போது கொக்கி இல்லை, காந்தப் பட்டைதான் கதவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. படம் எடுத்தவர்களின் பயம் சும்மா வந்தது இல்லை. நான் சிரித்தேனே!

மறுநாள் காலை எங்கள் வீட்டுக்காரர் சின்னவனைக் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்துக்கொண்டார். போனில் மறுபடியும் 'கிட்'. எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் அவர் காட்டியது வேறே. அந்தக் கார் தானே ஓடுகிற மாதிரி எப்படி எடுத்தார்கள் என்ற விஷயம். டிரைவர் ஸீட் மாதிரியே ஒரு மறைவு செய்து, அதற்குள் ஒரு ஆள் ஒளிந்துகொண்டு ஓட்டினாராம். வெளியிலிருந்து பார்த்தால் காலி ஸீட், உள்ளே மனுஷன். "பாருடா, கார் தானா எதுவும் செய்யலை. உள்ள ஒரு மாமா உக்காந்திருக்கார். பேசினது இன்னொரு மாமா. அது கேக்கலைன்னா உன் தப்பு இல்லை, கண்ணா" என்றார். பையன் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்த மாமாவுக்கு ஸீட்டுக்குள்ள வேர்க்காதா?" என்று கேட்டான். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை எதிர் வீட்டு சார் தானே ஒரு யோசனை சொன்னார். காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன், தெருப் பிள்ளைகள் எல்லாரையும் கூப்பிட்டு, ஒவ்வொருவராகப் பின் ஸீட்டில் உட்கார வைத்தார். கதவு திறக்காவிட்டால் என்ன செய்ய வேண்டும்? இரண்டு ஸீட்டுக்கும் நடுவே புகுந்து முன்னால் போக வேண்டும். முன் கதவில் குழந்தைப் பூட்டு கிடையாது, பிடியை இழுத்தால் பெரும்பாலும் திறந்துவிடும். அதுவும் முடியாவிட்டால் ஹாரனை விடாமல் அமுக்க வேண்டும். பெரும்பாலான கார்களில் சாவி இல்லாவிட்டாலும் ஹாரன் அடிக்கும். உங்கள் காரில் அடிக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துக்கொள்ளுங்கள். பத்துப் பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு தடவை அமுக்கியதில் தெரு நாய்கள் எல்லாம் கூடிவிட்டன. மாடி வீட்டு மாமி எட்டிப் பார்த்து, "என்ன, கல்யாண ஊர்வலமா?" என்றார்.

எங்கள் சின்னவன் முதலில் காருக்குள் ஏறவே மாட்டேன் என்றான். இஸ்திரிக்கார அண்ணன்தான், "நான் வெளியில நிக்கிறேன் தம்பி, நீ ஹாரன் அடி, நான் திறக்கிறேன்" என்று சொல்லி ஏற்றினார். ஹாரன் அடித்தான். அவர் திறந்தார். மறுபடியும் ஏறினான்.

இப்போது எங்கள் தெருவில் வாசலில் நின்றாலும், போர்ட்டிகோவில் நின்றாலும் காரைப் பூட்டாமல் யாரும் விடுவதில்லை. சாவியைப் பிள்ளை கைக்கு எட்டாத ஆணியில் மாட்டுகிறோம். ஒரு பிள்ளையைக் காணோம் என்றால், தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கிற அதே ஓட்டத்தில் காரின் உள்ளேயும், டிக்கியிலும் பார்க்க வேண்டும் என்று பேசிவைத்துக்கொண்டோம். தூங்குகிற கைக்குழந்தையோடு காரில் போகிறவர்கள் கைப்பையையோ செருப்பையோ பின் ஸீட்டில் குழந்தைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதை எடுக்கவாவது திரும்பிப் பார்ப்பீர்கள். சிரிக்காதீர்கள். படித்தவர்கள், பிள்ளை மேல் உயிரையே வைத்திருப்பவர்கள்கூட மறந்திருக்கிறார்கள்.

மிதிபட்ட வடாத்தை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். காக்காய்க்குப் போட்டேன். மறுநாள் புதிதாகக் கூழ் கிளறினேன்.

சினிமா வண்டிப் புத்தகம் ஒரு வாரம் அலமாரியிலேயே கிடந்தது. நேற்றுத்தான் சின்னவன் அதை எடுத்துக்கொண்டு சமையல் கட்டுக்கு வந்தான். 'கிட்' பக்கத்தில், ஸீட்டுக்குள்ளே ஒரு மாமாவை வரைந்து, கையில் ஒரு விசிறியும் கொடுத்திருந்தான். "அம்மா, உன் பக்கம் மட்டும் காலியா இருக்கு. இப்பவாவது சொல்லு" என்றான். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

"எனக்கு அந்தப் படத்துல வராமலே போச்சே, பிரிட்ஜு, அதுதான் பிடிக்கும்" என்றேன்.

"அது வண்டியே இல்லையே!"

"எனக்குப் பிடிச்சதுதானே கேட்டே?"

கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தான். பிறகு 'ஒண்ணும் இல்லை' என்பதை ரப்பரால் அழித்துவிட்டு, ஒரு பிரிட்ஜ் வரைந்து, போனால் போகிறது என்று அதன் அடியில் நாலு சக்கரமும் போட்டுக் கொடுத்தான். கதவு திறந்தே இருக்கிறது.